ரேக்குக்குப் பின்னால் ஒரு பச்சைப் புள்ளி

1

இந்தக் கதை என்னுடையதல்ல, அக்காவுடையது. செவ்வாய்க்கிழமை போனில் எல்லாவற்றையும் கொட்டிவிட்டு, "டேய், இத எங்கயும் எழுதித் தொலைக்காத" என்றாள். போனை வைத்ததும் எழுத உட்கார்ந்துவிட்டேன்.

முதல் வரியை மூன்று தடவை அடித்தாயிற்று. 'இருட்டு என்பது உண்மையில்...' (வேண்டாம். தத்துவம் பேசினால் அக்கா செருப்பைக் கழற்றுவாள்.)

2

அவளுக்கு வேலை இருட்டறையில். எலியின் விழித்திரையிலிருந்து மங்கலான வெளிச்சத்தில் பார்க்க உதவும் ஒரேயொரு குச்சி செல்லைக் கண்ணாடிக் குழாயின் நுனியில் உறிஞ்சிப் பிடித்து, துளி வெளிச்சம் காட்டுவாள். ஒரே ஒரு ஒளித்துகள் பட்டாலும் செல் பதில் சொல்லும், பிறகு அணையும். அணைப்பதற்கென்றே ஒரு புரதம் உண்டு. அது குறைந்தால் பதில் இழுத்துக்கொண்டே போகும். கூடினால் சட்டென்று முடியும் என்று நான்கு மாதம் அளந்து காட்டியிருந்தாள். வரும் வெள்ளிக்கிழமை கட்டுரை ஆய்விதழுக்குப் போகிறது.

(அக்காவுக்கு அந்தப் புரதம் குறைவு என்பது என் கணிப்பு. பத்தாம் வகுப்பில் போன ஒரு மார்க்கை இன்னும் பேசுகிறாள்.)

3

செவ்வாய் காலை இருட்டறையில் பேனா மூடி கீழே விழுந்தது. குனிந்து தடவினாள். கருவிகளை அடுக்கியிருந்த ரேக்குக்குப் பின்னால் ஒரு பச்சைப் புள்ளி தெரிந்தது. செல்லின் பதிலைப் பெருக்கிக் காட்டும் புது ஆம்ப்ளிஃபயரின் பவர் விளக்கு. அதை மறைக்க அவளே ஒட்டிய கறுப்பு டேப் ஓரத்தில் தூக்கியிருந்தது.

மங்கலான வெளிச்சம் விடாமல் பட்டுக்கொண்டிருந்தாலும் செல் சீக்கிரம் அணைந்துவிடும். புரதம் கூடிய எலிகளை எல்லாம் அளந்தது இந்த மெஷின் வந்த பிறகுதான். அப்படியென்றால் பதிலைச் சட்டென்று முடித்தது புரதமா, இந்த விளக்கா? டேப் தூக்கியது நேற்றா, நான்கு மாதத்துக்கு முன்பா?

கை தானாகப் போய் டேப்பை அழுத்தி ஒட்டியது.

"அதுதான்டா தப்பு," என்றாள் போனில். "எவ்வளவு வெளிச்சம் கசிஞ்சதுன்னு அப்பவே அளந்திருக்கணும். ஒட்டிட்டேன். இப்ப புரொபசர்கிட்ட சொன்னா, மறைக்கத்தான் ஒட்டினேன்னு நெனப்பாரு."

"சொல்லலன்னா?"

"அதக் கேக்காத."

4

முடிவு ஒன்று: அவள் சொல்கிறாள். புரொபசர் சிரித்துவிட்டு... (பொய். அவர் சிரித்து யாரும் பார்த்ததில்லை.)

முடிவு இரண்டு: அவள் சொல்லவில்லை. கட்டுரை வருகிறது, பாராட்டுகிறார்கள். அவள் தினமும் குனிந்து ரேக்குக்குப் பின்னால்... (இதை முடிக்க எனக்குப் பயமாக இருக்கிறது.)

5

வியாழன் மதியம் இதுவரை எழுதியதை அவளுக்கே அனுப்பினேன். 'நீ அவரிடம் சொன்ன பிறகுதான் இதை யாருக்கும் காட்டுவேன், சத்தியம்' என்று கீழே சேர்த்தேன். பார்த்துவிட்டாள். டைப் செய்கிறாள் என்று காட்டியது, நின்றது, மறுபடி காட்டியது.

"பேனா மூடி இல்ல, டேப்போட அட்டை வளையம். திருத்து."

(திருத்தவில்லை.)

கொஞ்சம் கழித்து இன்னொன்று வந்தது. "அவர் ரூம் வாசல்ல நிக்கிறேன். கதவு தொறந்துதான் இருக்கு."

அதற்கப்புறம் அவள் என்ன செய்தாள் என்று நான் எழுதப்போவதில்லை. இந்தக் கதை இப்போது உங்கள் கையில் இருக்கிறது, என் சத்தியத்தையும் படித்தீர்கள். ஆனால் எழுதாதே என்றவள் பேச்சை முதல் பத்தியிலேயே மீறியவன் நான். எப்படிப்பட்ட தம்பி என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.