மூன்றாம் பகுதிக்கு ஆர்த்திகா இல்லை

ஆர்த்திகாவின் பின்தலை கோல் கம்பத்தில் மோதியதை ஸ்வர்ணா பார்த்துவிட்டாள். எதிரணிப் பெண் ஒருத்தி வேகத்தை அடக்க முடியாமல் சறுக்கிக்கொண்டு வந்து விழ, அவளோடு சேர்ந்து ஆர்த்திகாவும் வலைக்குள் போனாள். முகமூடி கழன்று பனியில் உருண்டது. ஸ்வர்ணா மருந்துப் பையைத் தூக்கிக்கொண்டு தடுப்புக் கதவருகே ஓடுவதற்குள் ஆர்த்திகா எழுந்துவிட்டாள். கையுறையைத் தூக்கி ஆட்டினாள். அரங்கம் ஆரவாரித்தது.

தொண்ணூற்றாறாம் வருடம், பிப்ரவரி மாதம். கல்லூரிப் பெண்களின் ஐஸ் ஹாக்கி சாம்பியன்ஷிப் அந்த முறை மொன்றியலிலேயே நடந்தது. உள்ளூர் அணி இறுதி ஆட்டம் வரை வந்து, இரண்டுக்கு ஒன்று என்று முன்னால் இருந்தது. அதற்குப் பாதிக் காரணம் வலைக்கு முன்னால் நின்ற ஆர்த்திகா. ஸ்வர்ணா அந்த அணிக்குச் சம்பளமில்லாத மருத்துவர். நகரின் நோத்ர-டாம்-த-கிரேஸ் பகுதியில் அவளுக்குச் சொந்த கிளினிக் இருந்தது. இரண்டு வருடமாகச் சுளுக்குக்குக் கட்டுப் போடுவதும் கிழிந்த உதட்டுக்குத் தையல் போடுவதும்தான் இங்கே அவள் வேலை. யாரையும் ஆட வேண்டாம் என்று அவள் இதுவரை நிறுத்தியதில்லை.

மூன்று பகுதிகள் கொண்ட ஆட்டத்தில் இரண்டாம் பகுதி முடிய இன்னும் சில நிமிடங்கள் இருந்தன. அதற்குள் வலையை நோக்கி வந்த இரண்டு அடிகளை ஆர்த்திகா தடுத்தாள். நன்றாகத்தான் தடுத்தாள். ஆனால் மணி அடித்ததும் மற்றவர்கள் வெளியேறிய பக்கம் வராமல் எதிரணிக் கதவை நோக்கிப் போனாள். தோழி ஒருத்தி தோளைப் பிடித்துத் திருப்பி அழைத்து வந்தாள்.

உடை மாற்றும் அறையில் அவள் ஆர்த்திகாவுக்கு எதிரே முழங்காலிட்டு உட்கார்ந்தாள். தலை வலிக்கிறதா என்று கேட்டாள். இல்லை என்றாள் ஆர்த்திகா. கண்ணில் வெளிச்சம் அடித்துப் பார்த்தாள், சரியாக இருந்தது. விரலைத் தொடச் சொன்னாள், தொட்டாள்.

"இன்னைக்கு யார்கூட ஆடறோம்?"

ஆர்த்திகா சுற்றிலும் இருந்தவர்களின் முகங்களைப் பார்த்தாள். பிறகு, "ஒட்டாவா" என்றாள்.

ஒட்டாவா நேற்று. இன்று வின்னிபெக். பக்கத்தில் இருந்தவள் மெல்ல முணுமுணுக்க, "வின்னிபெக், வின்னிபெக்" என்று அவசரமாகத் திருத்திக்கொண்டாள்.

பயிற்சியாளர் மிஷ்லின் ஸ்வர்ணாவை வாசலுக்கு அழைத்துப் போனாள். யாருக்கும் வாய் தவறும் என்று பிரெஞ்சில் சொன்னாள். அடிபட்ட பிறகும் இரண்டு கோலைத் தடுத்தவளை எப்படி உட்கார வைப்பது என்று கேட்டாள். குரலை உயர்த்தவில்லை. அதனாலேயே பதில் சொல்வது கடினமாக இருந்தது. தலையில் அடிபட்டால் முகத்தில் தண்ணீர் தெளித்து அனுப்பிவிடுகிற காலம் அது. அடிபட்ட அன்றே மறுபடி அடிபட்டு இறந்துபோன ஒரு பையனைப் பற்றி ஸ்வர்ணா மருத்துவ இதழில் படித்திருந்தாள். அந்த ஒரு கட்டுரையும் கதவும் எதிரணியின் பெயரும் குழம்பிப்போன அந்தப் பெண்ணும் தவிர அவள் கையில் வேறு ஆதாரம் எதுவும் இல்லை.

அப்போதுதான் படியிறங்கி குணேஸ்வரி வந்தாள். ஆர்த்திகாவின் அம்மா. வில்லரே பகுதியில் கார்டரி எனப்படும் குழந்தைகள் காப்பகம் ஒன்றில் வேலை பார்க்கிறவள். இந்த விளையாட்டே வேண்டாமென்று வருடக்கணக்காகச் சண்டை போட்டவள், மகளின் ஆட்டத்தைப் பார்க்க இன்றுதான் முதல்முறையாக வந்திருந்தாள். அவளைக் கண்டதும் ஸ்வர்ணாவுக்கு மூச்சு வந்தது. தாய் வேண்டாம் என்று சொல்லிவிட்டால் பேச்சு முடிந்தது.

குணேஸ்வரி நடந்ததையெல்லாம் கேட்டாள். கதவிடுக்கு வழியாக மகளைப் பார்த்தாள்.

"அவள் நடக்கிறாள், கதைக்கிறாள். விளையாடட்டும் டொக்டர்."

ஸ்வர்ணா அதை எதிர்பார்க்கவில்லை.

"நான் வந்த அண்டைக்குத்தான் மறிச்சுப்போட்டினம் எண்டு சொல்லுவாள். பேந்து என்னோட கதைக்கவே மாட்டாள்" என்றாள் குணேஸ்வரி. கதவிடுக்கிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னாள்.

உள்ளே ஹாக்கி மட்டைகளைத் தரையில் தட்டி அணியினர் கிளம்பத் தயாரானார்கள். தன்னைத் தவிர இதைச் சொல்ல வேறு ஆளில்லை என்பது ஸ்வர்ணாவுக்குப் புரிந்தது. அறைக்குள் போனாள்.

"ஆர்த்திகா, இன்னைக்கு நீ ஆடப்போறதில்லை."

ஆர்த்திகா முகமூடியை மடியில் வைத்துக்கொண்டு நிமிர்ந்தாள்.

"அதைச் சொல்ல நீங்கள் ஆர்?"

ஸ்வர்ணா மிஷ்லினைப் பார்த்தாள். மிஷ்லின் முதல் வருட மாணவி நத்தலியைத் தயாராகச் சொன்னாள். அந்தப் பெண் முழு ஆட்டம் நின்றதே இல்லை.

மூன்றாம் பகுதியில் ஸ்வர்ணாவின் கண் ஓரிடத்தில் நிற்கவில்லை. நத்தலியின் வலையைப் பார்ப்பாள், உடனே பெஞ்சின் கோடியில் கோட்டைப் போர்த்தி உட்கார்ந்திருந்த ஆர்த்திகாவைப் பார்ப்பாள். வாந்தி எடுக்கிறாளா, கண் செருகுகிறதா என்று தேடுவாள். ஒரு கட்டத்தில், ஏதாவது ஒரு அறிகுறி தெரிந்தால் தேவலை என்று தான் நினைப்பதை உணர்ந்து அவளுக்கே திக்கென்றது. வின்னிபெக் சமன் செய்தது. கூடுதல் நேரத்தில் பக் எனும் ரப்பர் வட்டு நத்தலியின் கைக்கு அடியில் வலைக்குள் நுழைந்தது. வின்னிபெக் பெண்கள் ஒருவர்மேல் ஒருவர் விழுந்து புரண்டார்கள். ஸ்வர்ணாவை யாரும் திட்டவில்லை. அவளிடம் யாரும் பேசவே இல்லை.

ஆட்டம் முடிந்ததும் ஸ்வர்ணா தன் காரிலேயே ஆர்த்திகாவை மருத்துவமனைக்கு அழைத்துப் போனாள். தாயும் மகளும் பின்சீட்டில். ஸ்கேன் எடுத்தார்கள். எந்தக் கோளாறும் தெரியவில்லை, வீட்டுக்குப் போகலாம் என்றார் பணியில் இருந்த டாக்டர்.

"அப்ப விளையாடியிருக்கலாம், என்ன?" என்று குணேஸ்வரி கேட்டாள். கோபமாகக் கேட்கவில்லை. ஸ்கேனில் தெரியாத அடியும் உண்டு என்று ஸ்வர்ணா சொன்னாள். சொல்லும்போது அவளுக்கே அது சாக்குப்போல் பட்டது.

மறுநாளிலிருந்து ஆர்த்திகாவுக்குத் தலைவலி தொடங்கியது. வெளிச்சம் ஆகவில்லை. ஒரு பக்கம் வாசிப்பதற்குள் எழுத்து நகர்ந்தது. அந்தப் பருவப் படிப்பை ஆர்த்திகா பாதியில் விட்டாள். குணேஸ்வரி தொலைபேசியில் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல, தான் செய்தது சரி என்ற நிம்மதி ஸ்வர்ணாவுக்கு வரவில்லை. அடிபட்டதுமே கூப்பிட்டிருக்க வேண்டும், அந்தக் கடைசி நிமிடங்களில் ஏன் ஆட விட்டேன் என்றுதான் மனம் அரித்தது.

ஏப்ரலில் ஆர்த்திகா தனியாக கிளினிக்குக்கு வந்தாள். மெலிந்திருந்தாள்.

"அண்டைக்கு நான் உங்களோட சண்டை பிடிச்சனானோ? எனக்கு ஒண்டும் ஞாபகம் இல்லை. அந்த ரெண்டு அடியைத் தடுத்ததுகூட."

ஸ்வர்ணா ஒன்றையும் மறைக்காமல் சொன்னாள். நீங்கள் ஆர் என்று கேட்டதையும் சொன்னாள். ஆர்த்திகா தலை குனிந்துகொண்டாள்.

"நான் நிண்டிருந்தா அந்தக் கடைசி கோலைப் பிடிச்சிருப்பனோ?"

"பிடிச்சிருக்கலாம்" என்றாள் ஸ்வர்ணா. "எனக்குத் தெரியாது."

ஆர்த்திகா மெதுவாகத் தலையாட்டினாள். ஆறுதலாக வேறு எதையாவது சொல்லியிருந்தால் அவள் எழுந்து போயிருப்பாள் என்று ஸ்வர்ணாவுக்குத் தோன்றியது. எப்போது மறுபடி பனியில் இறங்கலாம் என்று ஆர்த்திகா கேட்டாள். தலைவலி முற்றிலும் போய் ஒரு மாதம் கழியட்டும், அப்புறம் பார்க்கலாம் என்றாள் ஸ்வர்ணா.

இலையுதிர் காலத்தில் ஆர்த்திகா மறுபடி வலைக்கு முன்னால் நின்றாள். முதல் ஆட்டத்திலேயே எதிரணிப் பெண் ஒருத்தி சறுக்கிக்கொண்டு அவளை நோக்கி வந்தாள். ஸ்வர்ணா தடுப்புப் பலகையை இறுகப் பிடித்தாள். குணேஸ்வரி கூட்டத்தில் உட்காராமல் ஸ்வர்ணாவின் பக்கத்தில் வந்து நின்று அதே பலகையைப் பிடித்திருந்தாள். அந்தப் பெண் வலையை உரசாமல் விலகிப்போன பிறகும் இருவரும் பலகையிலிருந்து கையை எடுக்கவில்லை.