பாலுக்கு முன்னால் சாட்சியம்

"அன்னிக்கு நீயும் அங்கதானே இருந்தே, பாப்பா?" என்று காளியாயி என்னைக் கேட்டாள்.

நான் பால் பவுடர் கட்டி ஒன்றை அண்டாவின் ஓரத்தில் வைத்துக் கரண்டியால் நசுக்கிக்கொண்டிருந்தேன். கட்டி கரைந்து காணாமல் போன பிறகும் நசுக்கிக்கொண்டே இருந்தேன். காளியாயி கொஞ்ச நேரம் நின்று பார்த்தாள். பிறகு தூக்குவாளியை எடுத்துக்கொண்டு வரிசையின் கடைசிக்குப் போய்விட்டாள்.

இருந்தேன். வாயால் சொல்ல வராததால் எழுதுகிறேன். எட்டாம் வகுப்பில் எழுந்து நின்று பதில் சொல்லப் பயந்துதான் பள்ளிக்கூடத்தையே விட்டேன். அதற்குப் பிறகும் தைரியம் ஒன்றும் கூடிவிடவில்லை.

எங்கள் மாதா சபைக்கு அமெரிக்காப் பால் பவுடர் வர ஆரம்பித்தது 1960-ல். இரண்டு கைகள் குலுக்கிக்கொள்வதுபோல் படம் போட்ட பெரிய பீப்பாய்கள். வியாழக்கிழமை தோறும் பாலக்கரையில் மாதா கோயிலுக்குப் பின்னால் இருக்கிற ஓட்டுக் கொட்டகையில் மூன்று அண்டா வைத்துக் கலக்கி, ஏழைப் பிள்ளைகளுக்கு ஊற்ற வேண்டும். எந்த மதம் என்று கேட்கக் கூடாது என்பது மேலிடத்து உத்தரவு. கலக்குவது நான். ஊற்றுவது சபையின் மூன்று அம்மாமார்கள். தலைவி பிரகாசியம்மாள், எனக்கு ஒன்றுவிட்ட அத்தை. ரயில்வேயில் ஹெட் கிளார்க் அடைக்கலராஜ் மாமாவின் சம்சாரம்.

முதல் வாரம் பாலை ஊற்றிவிட்டு எல்லோரும் வீட்டுக்குப் போனோம். இரண்டாவது வாரம் அத்தை கூட்டம் போட்டார்.

"வெறும் பாலை ஊத்தி அனுப்பினா நமக்கும் பால்காரிக்கும் என்ன வித்தியாசம்? வயித்துக்குக் கொடுக்கறோம். ஆத்துமாவுக்கு?"

ஆத்துமாவுக்கு என்று சாட்சியம் ஏற்பாடானது. ஒவ்வொரு அண்டாவுக்கும் ஓர் அம்மா. தன் வாழ்க்கையில் ஆண்டவர் செய்த உபகாரம் ஒன்றை முதலில் சொல்ல வேண்டும், பிறகுதான் பால். சாட்சியம் முடியாமல் கரண்டி அண்டாவுக்குள் இறங்காது. பாலில் ஆடை கட்டி, அது சுருங்கி, ஈ வந்து உட்கார்ந்தாலும் இறங்காது.

மூன்றே வாரத்தில் ஜனங்கள் கணக்காகத் தெரிந்துகொண்டார்கள். ரோசலி டீச்சரின் சாட்சியம் ஏழு நிமிஷம். ஜெபமாலை சொல்லி டீச்சர் டிரெயினிங் பாஸானது. பள்ளிக்கூட மணிக்குப் பழகியவர், டாண் என்று நிறுத்திவிடுவார். அவர் வரிசை வாசல் கேட் வரைக்கும் நீண்டது. சந்தியாகம்மாள் கிணற்றடியில் நல்ல பாம்பைப் பார்த்து 'அருள் நிறைந்த மரியே' சொன்னதும், பாம்பு தலையைத் தாழ்த்திக்கொண்டு போன கதை. இருபது நிமிஷம். பிள்ளைகள் அதற்காகவே வருவார்கள்.

"சந்தியாகம்மா, போன வாரம் பாம்பு ஆறடிதானே? இப்ப எட்டடிங்கறீங்க?" என்று பொடிசுகள் கேட்கும்.

"ஒரு வாரத்துல வளராதாடா?" என்பார் அவர், கொஞ்சமும் அசராமல்.

அத்தையின் சாட்சியம் தொலைந்த சங்கிலி. காணாமல் போனதைக் கண்டுபிடித்துத் தருகிற பதுவை அந்தோனியாருக்குப் பதின்மூன்று செவ்வாய் பக்தி செய்து திரும்பக் கிடைத்தது. அந்தப் பதின்மூன்று செவ்வாயையும் ஒவ்வொன்றாகச் சொல்வார். "அதைச் சொல்ல எனக்கு வார்த்தையே இல்ல" என்று தொடங்கி அரை மணி நேரம் சொல்வார். அவர் வரிசையில் நாலு பேர்தான். அதில் ஒருத்திக்குக் காது கேட்காது. இன்னொருத்தி காளியாயி. அத்தை வீட்டில் பாத்திரம் தேய்க்கிறவள் வேறு வரிசையில் நிற்க முடியுமா?

அந்தச் சங்கிலி கிடைத்த அன்றுதான் நான் அங்கே இருந்தேன்.

வேளாங்கண்ணிக்குப் போகும்போது அத்தை மூன்று பவுன் சங்கிலியை எங்கேயோ பத்திரமாக வைத்தார். திரும்பி வந்து தேடினால் இல்லை. காளியாயியை இரண்டு நாள் ஒரு மாதிரியாகப் பார்த்தார். அதற்கு முன்னால் வேலை செய்த மயிலம்மாளை ஒற்றைத் தோடு காணாமல் போனதற்காக நிறுத்தியவர்தான். பிறகு செவ்வாய்க்கிழமைகளைத் தொடங்கினார். வீட்டில் இருந்த அந்தோனியார் சுரூபத்துக்கு, அந்த முழங்கை உயரச் சிலைக்கு முன்னால் மெழுகுவர்த்தி, பூ, ரொட்டி. ஜெபத்தை நான் வாசிப்பேன், அத்தை அழுவார்.

பதின்மூன்றாவது செவ்வாய்க்கு மறுநாள், சுரூபத்தில் படிந்த கரியைக் காளியாயி ஈரத்துணியால் துடைத்தாள். துடைத்தவள் நிறுத்தினாள். ஒரு முறை ஆட்டினாள்.

"அம்மா, உங்க சாமிக்கு வயித்துல என்னமோ இருக்குங்க."

அது சாந்தில் செய்த சுரூபம், உள்ளே கூடு. அடியில் ஒரு துளை, அதில் துணி அடைத்திருந்தது. துணியை உருவினால், மூன்று பவுனும் பாம்பு மாதிரி இறங்கி வந்தது. திருடன் எடுக்காத இடம் என்று அத்தையே வைத்து, அத்தையே மறந்து, பதின்மூன்று வாரம் அந்தோனியாரிடமே கேட்டிருக்கிறார். அவர் வயிற்றில் வைத்துக்கொண்டு என்ன பதில் சொல்வார்?

அத்தை சங்கிலியைப் பார்த்தார், சுரூபத்தைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார். "இதை யாருக்கும் சொல்ல வேணாம். அந்தோனியாருக்கு அவமானம்" என்றார். காளியாயிக்கு இரண்டு வாழைப்பழம் கொடுத்தார்.

ஆகவே சாட்சியத்தில் சங்கிலி 'கிடைத்தது', அவ்வளவுதான். ரோசலி டீச்சரின் வரிசை நிரம்பி ஒரு வாரம் இந்த வரிசைக்குத் தள்ளப்பட்ட கமருன்னிசா, பிள்ளையை இடுப்பில் மாற்றிக்கொண்டே கேட்டாள்: "எல்லாம் சரிங்கம்மா. எங்கேருந்து கிடைச்சுது? அதைச் சொல்லவே இல்லியே?"

"எதிர்பாராத இடத்துலேருந்து."

"அதான் எங்கங்கறேன்? பரண்லயா, அடுப்பாங்கரையிலயா?"

அத்தை கரண்டியை அண்டாவுக்குள் விட்டுவிட்டார். கதை முடியும் முன்பே பால் ஊற்றியது அன்று ஒரு நாள்தான்.

அடுத்த வியாழன், சங்கிலி 'ஒருத்தர் கையிலிருந்து' வந்தது. அதற்கடுத்த வியாழன், அந்த ஒருத்தர் 'வீட்டு வேலைக்காரி' ஆனாள். வரிசையில் நாலு பேர் பதினைந்தானார்கள். கதையில் ஒரு திருடி வந்தால் யாருக்குத்தான் பிடிக்காது? ஐந்தாவது வாரம் அவள் இரவெல்லாம் தூங்காமல் புரண்டாள். அந்தோனியார் கனவில் வந்து கண்ணை உருட்டினார். எட்டாவது வாரம் அவள் அத்தை காலில் விழுந்து கதறினாள். வரிசை ரோட்டுக்குப் போனது. சந்தியாகம்மாளின் பாம்பு பன்னிரண்டடி ஆகியும் ஈடுகொடுக்க முடியவில்லை.

பேர் மட்டும் அத்தை சொல்லவில்லை. அது பிறர் சிநேகம். அத்தை வீட்டு வேலைக்காரி யார் என்பது பாலக்கரை முழுவதும் தெரியும். அவளோ தூக்குவாளியோடு அதே வரிசையில் ஏழாவது ஆளாக நின்று, தான் திருடியதையும் அழுததையும் கேட்டுக்கொண்டிருந்தாள். வீட்டில் இரண்டு சின்னப் பிள்ளைகள். பாலை விட முடியாது.

சபை மினிட்ஸ் நோட்டில் நான்தான் எழுதுவேன். 'தலைவி அம்மாளின் சாட்சியம் அனைவரையும் உருக்கியது' என்று எழுதினேன். வீட்டுக்கு வந்து, அரிசிப் பானைக்குப் பின்னால் இருக்கிற என் நோட்டில், 'சங்கிலி சுரூபத்துக்குள் இருந்தது' என்று எழுதினேன். இரண்டும் ஒரே கையெழுத்து.

ஒன்பதாவது வாரம் அத்தை காளியாயியை வேலையிலிருந்து நிறுத்தினார். "திருடியை இன்னும் வீட்ல வெச்சிருக்கேன்னா கேட்கறவங்க என்ன நினைப்பாங்க?" என்று என்னிடம் உண்மையான வருத்தத்தோடு சொன்னார்.

காளியாயிக்கு மிச்சம் இருந்தது ஸ்ரீரங்கத்தில் வத்ஸலா டீச்சர் வீடு. காலையில் முதல் பஸ்ஸில் பாலம் தாண்டிப் போய், சித்திரை வீதியில் வாசல் பெருக்கி, மாட்டுக் கொட்டிலைக் கழுவிவிட்டு வருவாள். ஆனால் வத்ஸலா டீச்சரும் ரோசலி டீச்சரும் ஒரே பள்ளிக்கூடம். சாட்சியத்தைப் பரப்ப வேண்டும் என்று சபையில் சொன்னதால் ரோசலி டீச்சர் நல்லெண்ணத்தோடு டிபன் வேளையில் பரப்பியிருக்கிறார்.

"ஏண்டி காளியாயி, உன்னைப் பத்தித்தான் ஏதோ சொல்லிக்கறாளாமே? நேக்கு உன் மேல சந்தேகமே கிடையாது. ஆனா எங்க மாமியார் நகைப் பொட்டியைத் தலைமாட்டுல வெச்சுண்டு தூங்காம உக்காந்திருக்கா. அவா சங்கிலியை நீ எடுக்கலைன்னு அவாளே சொல்லட்டும். அப்பறம் வா" என்றாராம் வத்ஸலா டீச்சர்.

அதற்குப் பிறகுதான் காளியாயி என்னிடம் வந்து அந்தக் கேள்வியைக் கேட்டாள். நான் கட்டியை நசுக்கினேன்.

பத்து நாள் போயிருக்கும். பால் பவுடர் அறைச் சாவியைக் காணோம். அத்தையிடம்தான் இருந்தது. இரண்டு வியாழன் பால் இல்லை. பிள்ளைகள் காலித் தூக்குவாளியைத் தட்டிக்கொண்டு திரும்பிப் போயின. "யார் வேலைன்னு எனக்குத் தெரியும். பேர் சொல்ல மாட்டேன்" என்றார் அத்தை. எல்லோரும் வாய்க்கால் கரையில் காளியாயி குடிசை இருக்கிற பக்கம் பார்த்தார்கள்.

அந்தச் சமயம் பார்த்துக் கடிதம் வந்தது. பால் விநியோகத்தைப் பார்க்க இன்னாசிராஜ் சாமியார் பிஷப்பின் மேற்றிராசனத்திலிருந்து வருகிறார். ஆசாரியை வைத்துப் பூட்டை உடைத்தார்கள். அத்தை காளியாயியை வரச் சொன்னார்.

"சாமியார் முன்னால சாட்சியம் சொல்லப் போறேன். நீ பக்கத்துல நிக்கணும். 'நீதானாம்மா அது?'ன்னு சாமியார் கேப்பாரு. ஆமான்னு தலையாட்டு, போதும். சாவியும் நீதான்னு கேட்டா அதுக்கும் ஆட்டிடு. மன்னிச்சாச்சுன்னு நானே அந்தச் சீரங்கம் டீச்சருக்கு லெட்டர் கொடுக்கறேன்."

"திருடினேன்னு சொன்னா வேலை கிடைக்குமாங்கம்மா?"

"மனந்திரும்பினவளுக்கு எல்லாம் கிடைக்கும்."

காளியாயி என்னைப் பார்த்தாள். நான் வாசல்படியைப் பார்த்தேன்.

அந்த வியாழக்கிழமை அத்தை அந்தோனியாரையும் கூட்டிக்கொண்டு கிளம்பினார். சைக்கிள் ரிக்‌ஷாவில் சுரூபம் என் மடியில். புலிவார்டு ரோட்டில் ஒவ்வொரு குழியில் சக்கரம் இறங்கும்போதும் என் மடியில் 'களுக்' என்றது. அத்தை கண்ணை மூடிச் சாட்சியத்தை ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குக் கேட்கவில்லை. எனக்கு ஏழு முறை கேட்டது.

கொட்டகையில் மேஜை போட்டு, வெள்ளைத் துணி விரித்து, அந்தோனியாரை நடுவில் வைத்தார்கள். சாமியார் நாற்காலியில் உட்கார்ந்தார். வயசானவர், நல்ல மனிதர், கொஞ்சம் தூக்கக் கலக்கம். அத்தை சாட்சியம் சொன்னார். அன்றைக்கு இருந்த மாதிரி என்றைக்கும் இருந்ததில்லை. திருடி மூன்று முறை மயங்கி விழுந்தாள். காது கேட்காதவள்கூட அழுதாள். நான் கலக்கிய பாலில் ஆடை கட்டிக்கொண்டிருந்தது.

"அந்தப் பொண்ணு இப்ப எங்கம்மா?" என்றார் சாமியார்.

"இதோ நிக்கறா, சாமி."

"நீதானாம்மா அது?"

காளியாயி தலையாட்டவில்லை. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

"சாமி, நான் கும்பிடறது எங்க காளியாத்தாளை. இந்தச் சாமி எனக்கு அவ்வளவா பழக்கமில்லீங்க. ஆனா மூணு வருஷம் இவருக்குத் தூசி தட்டினவ நான். என்னைக் கேக்கறதை விட இவரையே கேளுங்க. இவருக்குத் தெரியும்."

"அவர் எப்படிம்மா சொல்லுவாரு?"

"ஆட்டினா சொல்லுவாருங்க."

வரிசையில் கமருன்னிசா சிரித்துவிட்டாள். "என்ன வாய் இவளுக்கு!" என்றார் சந்தியாகம்மாள். காளியாயி மேஜைப் பக்கம் ஓர் அடி வைத்தாள்.

"சுரூபத்தைத் தொடாதே!" என்று அத்தை கத்தினார். ரோசலி டீச்சர் குறுக்கே வந்து நின்றார்.

காளியாயி நின்றுவிட்டாள். திரும்பி அண்டாவுக்குப் பின்னால் நின்ற என்னைப் பார்த்தாள். இந்த முறை ஒன்றும் கேட்கவில்லை.

கரண்டியை வைத்தேன். கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டேன். மேஜைக்குப் பத்தடி நடந்தேன். அந்தோனியாரைத் தூக்கினேன். ஆட்டினேன்.

களுக், களுக்.

"அமலி! வை கீழே!" என்றார் அத்தை.

துணியை உருவினேன். சாவி மேஜைமேல் விழுந்தது, சிவப்பு நாடாவோடு. ஆசாரி உடைத்த பூட்டின் சாவி. இன்னும் ஏதோ உள்ளே ஒட்டிக்கொண்டிருந்தது. இன்னொரு முறை ஆட்டினேன். ஒற்றைத் தோடு ஒன்று விழுந்து, வெள்ளைத் துணியில் உருண்டு, சாமியாரின் மூக்குக் கண்ணாடிக் கூட்டுக்குப் பக்கத்தில் போய் நின்றது.

"மயிலம்மா தோடு" என்றாள் காளியாயி. சொல்லிவிட்டுத் திருத்திக்கொண்டாள்: "மயிலம்மா எடுத்தான்னு சொன்ன தோடு."

"சங்கிலி?" என்றார் சாமியார், இப்போது நன்றாக விழித்துக்கொண்டு.

சாமியார் என்னைப் பார்த்தார். நான் சுரூபத்தைத் தலைகீழாகப் பிடித்து, அந்தத் துளையை அவருக்குக் காட்டினேன். அவர் துளையைப் பார்த்தார். பிறகு அத்தையின் கழுத்தில் கிடந்த சங்கிலியைப் பார்த்தார்.

"ஓ, இங்கதானா!" என்றாள் கமருன்னிசா. மூன்று மாசத்துக்கு முன்னால் கேட்ட கேள்விக்கு விடை கிடைத்த திருப்தி அவள் முகத்தில் தெரிந்தது.

ரோசலி டீச்சர் காளியாயியைப் பார்க்காமல், "நாளைக்குக் காலையில நானே வத்ஸலாகிட்ட சொல்றேன்" என்றார். காளியாயி தூக்குவாளியின் மூடியைத் திறந்து என் முன்னால் நீட்டினாள். "ஊத்து பாப்பா. ஆறிப்போச்சு."

நான் ஊற்ற ஆரம்பித்தேன். அன்று அதற்கு மேல் சாட்சியம் எதுவும் இல்லாமலே மூன்று அண்டாவிலும் பால் ஊற்றினோம்.

அத்தை மேஜைக்குப் பக்கத்திலேயே கொஞ்ச நேரம் நின்றார். சாவியை எடுக்கவில்லை, தோட்டையும் எடுக்கவில்லை. எல்லோரும் அவர் வாயையே பார்த்தார்கள். வாய் ஒரு முறை திறந்தது. பிறகு மூடிக்கொண்டது. நாற்காலியில் மாட்டியிருந்த குடையை எடுத்தார். மூன்று வரிசையும் விலகி வழி விட்டது. கேட்டுக்கு வெளியே ரிக்‌ஷாக்காரன், "எங்கம்மா, வீட்டுக்கா?" என்று கேட்டது கொட்டகை வரைக்கும் கேட்டது. அத்தை ஏறி உட்கார்ந்து, குடையை விரித்து முன்னால் பிடித்துக்கொண்டார். வண்டி புலிவார்டு ரோட்டுப் பக்கம் திரும்பிப் போயிற்று.