சிவப்பு நூல் கட்டிய கிளைகள்

1.

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை எனக்குச் சண்டையாகத்தான் காதில் விழுந்தது. மருந்துக்கடை வரிசையில் எனக்குப் பின்னால் யாரோ, “பூக்காத செடிக்கு எதுக்கு இவ்ளோ இடம்?” என்றார்கள். அவ்வளவுதான். அன்றிலிருந்து தலைக்குள் ஒரே கூச்சல்.

2.

முதல் தொடக்கம்: ‘ஜன்னலை மூடி வளர்ந்திருந்த செம்பருத்தி, மாலை வெயிலில்...’

(அடித்துவிட்டேன். நான் வெயிலை வர்ணித்தால் இந்தக் கதையின் ஆட்கள் வாயே திறப்பதில்லை.)

சரி, நேராகவே சொல்கிறேன். தையல்காரி வீட்டு ஜன்னலை ஒரு செம்பருத்தி அடைத்துக்கொண்டு நிற்கிறது. அதைக் கவனித்துவந்த கணவர் இறந்து நாலு வருஷம். அதன்பின் யாரும் அதில் கத்தி வைக்கவில்லை. பூவும் நின்றுபோயிற்று.

“இந்த வருஷமும் பூக்கலன்னா வேரோட எடுத்துடுவேம்மா. பட்டப்பகல்ல லைட் போட வேண்டியிருக்கு.” இது மகள்.

முற்றிய கிளைகளை அடியோடு எடுத்தால் இளசுகள் பூக்கும். தையல்காரிக்கு அது தெரியும். தடித்த மூன்றில் சிவப்பு நூல் கட்டினாள். துணியில் எங்கே வெட்டவேண்டுமோ அங்கே சிவப்பு நூல் ஓட்டுவது அவள் வழக்கம். ரம்பத்தோடு வந்தவன் எலக்ட்ரீஷியனான கொழுந்தன்.

3.

(இப்போது அவளை உள்ளே அனுப்பவேண்டும். நகரமாட்டேன் என்கிறாள். அளவு கொடுக்க ஒருத்தியை வரவழைத்தேன். மட்டமான உத்திதான், தெரியும்.)

திரும்பி வந்தால் இளங்கிளைகள் எல்லாம் தரையில். நூல் கட்டிய மூன்று மட்டும் மொட்டையாக நிற்கின்றன.

“என்ன தம்பி பண்ணி வெச்சிருக்கீங்க?”

“சிவப்புன்னா கரண்ட் ஓடுது, தொடாதேன்னு அர்த்தம் அண்ணி. முப்பது வருஷப் பழக்கம்.”

“இது செடி! ஒயரா?”

“வாயத் தொறந்து ஒரு வார்த்தை சொன்னா என்னவாம்?”

“உங்க அண்ணனுக்கு நான் சொன்னதே இல்ல. நூலப் பாத்தே புரிஞ்சுக்குவாரு.”

“யாரு, அவரா? வருஷா வருஷம் எனக்குப் போன் போட்டு, ‘சிவப்பு கட்டியிருக்காடா, வெட்டவா விடவா’ன்னு கேப்பாரு.”

“...நீங்க என்ன சொல்வீங்க?”

“விட்டுடுன்னுதான்.”

“அப்பவும் பூத்துச்சே!”

4.

கணவர், தம்பி பேச்சைக் கேட்டாரா, போனில் ‘சரி’ என்றுவிட்டு மனைவி நூல் கட்டியதையே வெட்டினாரா? எனக்குத் தெரியாது. கேட்கலாமென்றால், முதல் பக்கத்துக்கு முன்பே அவரைச் சாகடித்துவிட்டேன்.

முடிவு ஒன்று: மொட்டைக் கிளைகள் துளிர்க்கின்றன. (எழுதும்போதே எனக்குக் கூசுகிறது.)

முடிவு இரண்டு: மகள் மண்வெட்டியோடு... (தையல்காரி என் பேனாவைப் பிடித்துக்கொண்டாள்.)

அந்த மூன்றையும் சாண் உயரத்துக்கு வெட்டினால் அடியிலிருந்து புதிதாகக் கிளம்பலாம். கிளம்பாமலும் போகலாம். கொழுந்தன் ரம்பத்தைத் தூக்கிக்கொண்டு நிற்கிறான்.

“வெட்டவா அண்ணி, விடவா?”

அவள் என்னைப் பார்க்கிறாள். என்னை எதற்கடி பார்க்கிறாய்? இவ்வளவு நேரம் உட்கார்ந்து வாசித்தவர் அதோ இருக்கிறார். அவரைக் கேள்.