முழங்கால் இடிக்காத வாஷ்பேசின்

விபத்துக்குப் பிறகு அக்கா சக்கர நாற்காலிக்கு வந்து ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. புது வீட்டுக் குளியலறைக்கு வாஷ்பேசின் வாங்க அவளும் அத்தானும் கிளம்பியபோது நானும் ஒட்டிக்கொண்டேன்.

கடைக்குள் நுழைந்ததுமே தங்க விளிம்பு வைத்த ஒன்றின் முன்னால் அத்தான் சொக்கி நின்றுவிட்டார்.

"என்ன அம்சமா இருக்கு பாரு."

அக்கா நாற்காலியை உருட்டிக்கொண்டு போனாள். பேசினைத் தாங்கிய தூணில் முழங்கால் இடித்தது.

"அம்சமாத்தான் இருக்கு. வெளிய இருந்தே பாத்துக்கறேன்."

அடுத்ததற்குக் கீழே அலமாரி. அதற்கடுத்த கண்ணாடிக் கிண்ணம் அவள் தாடை உயரத்தில் இருந்தது. ஒவ்வொன்றிலும் அவள் மோதிப் பார்க்கப் பார்க்க, விற்பனையாளருக்கு வேர்த்தது.

"எல்லாரும் கண்ணால பாத்துதான் வாங்குவாங்க, மேடம்."

"நான் முழங்காலால பாக்கறேன்."

பன்னிரண்டு பேசின் பார்த்து முடிப்பதற்குள் அவள் கையெல்லாம் தூசி. கழுவ இடம் கேட்டாள். அவர் பின்பக்கம் ஊழியர்களின் கழிவறையைக் காட்டினார். போனவள் பத்து நிமிடமாகியும் வரவில்லை. அத்தானுக்கு இருப்புக் கொள்ளவில்லை.

"கொஞ்சம் போய்ப் பாரும்மா."

போனேன். சுவரோடு பொருத்திய ஒரு சாதாரண வெள்ளை பேசின். கீழே தூண் இல்லை. குழாய்கூடச் சுவரை ஒட்டியே போயிற்று. அதன் அடியில் முழங்கால்களை நுழைத்து, முழங்கைகளை விளிம்பில் ஊன்றி, அக்கா முகத்தில் தண்ணீரை வாரி வாரி அடித்துக்கொண்டிருந்தாள். இத்தனை நாளும் மடியில் பாத்திரத்தை வைத்துத்தான் முகம் கழுவினாள். பாதித் தண்ணீர் உடையில்தான் போகும்.

"அஞ்சு தடவ கழுவிட்டேன்டி," என்றாள், மூக்கு நுனியில் நீர் சொட்ட. "எங்கயும் இடிக்கல."

பின்னாலேயே வந்த விற்பனையாளர் தயங்கினார். "அது ஸ்டாஃபுக்குப் போட்டது. ரொம்பச் சாதாரண மாடல், நாங்க யாருக்கும் காட்டுறதே இல்ல."

தங்க விளிம்பை அத்தான் அந்த நொடியே மறந்துவிட்டார். "குடோன்ல இதே மாதிரி இருக்கான்னு பாருங்க. இல்லன்னா நாங்க இங்கயே குடிவந்துடுவோம்."

அட்டைப்பெட்டிகளுக்கு அடியில் ஒன்று கிடைத்தது.

அக்கா பென்சிலால் கோடு போட்டுக் காட்டிய உயரத்தில் பிளம்பர் அதைப் பொருத்தினார். நெட்டையான அத்தான் இரண்டு நாள் வில்லாக வளைந்து பல் தேய்த்தார். மூன்றாம் நாள் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலைக் கொண்டுவந்து போட்டார்.

இப்போது காலையில் இருவரும் தோள் உரச உட்கார்ந்து பல் தேய்க்கிறார்கள். வாய் நிறைய நுரையோடு அத்தான் ஆபீஸ் கதை சொல்கிறார். ஒரு வார்த்தை புரியாது. அக்கா எல்லாவற்றுக்கும் தலையாட்டுகிறாள்.