அண்ணன் ஊற்றிய பெட்ரோல்

கார் கறுப்புப் புகை விட ஆரம்பித்ததும் என் வீட்டுக்காரர் சொன்ன முதல் வார்த்தை, "வித்துப்போடலாம் அம்மணி." எனக்கு வந்ததே கோபம்! நாற்பத்தாறு வயதில், கோயமுத்தூர் சரவணம்பட்டியில் தெருவே நின்று வேடிக்கை பார்க்க, இரண்டு வேலியையும் ஒரு தண்ணீர்த் தொட்டியையும் இடித்து ஓட்டப் பழகிய கார் அது. "விக்கறதுன்னா என்னையும் சேர்த்து வித்துப்போடுங்க" என்றேன். என் வீட்டுக்காரர் கண்ணையா நல்ல மனுஷன். மோட்டாருக்குக் காயில் கட்டும் பட்டறை வைத்திருக்கிறார். வீட்டில் வாய் எனக்குத்தான்.

நான் குதித்தது காருக்காக மட்டும் இல்லை. கார் போனால் வெள்ளகோவிலுக்குப் போக எனக்குச் சாக்கு இல்லை. அங்கே அப்புசாமி அண்ணன் பெட்ரோல் பங்க் வைத்திருக்கிறார். அப்பா செத்த வருஷம் கிணற்றுப் பங்கு பேசும்போது அவர் ஒன்று சொன்னார், நான் பத்து சொன்னேன். ஏழு வருஷம் பேச்சில்லை. பஸ்ஸில் போய் இறங்கினால் எதற்கு வந்தாய் என்று கேட்பார்கள். காரில் போனால் பெட்ரோல் போட வந்தேன் என்று சொல்லிக்கொள்ளலாம்.

போன வருஷம், தொண்ணூற்றெட்டில், கார் வாங்கிய புதிதில் அப்படித்தான் போய் நிறுத்தினேன். அண்ணன் வந்தார். மூஞ்சியைப் பார்க்கவில்லை. பங்க் குழாய் என் டேங்க் வாயில் நுழையவில்லை, வாய் அவ்வளவு சின்னது. அட்டையைச் சுருட்டி வைத்து எப்படியோ ஊற்றி அனுப்பினார். அடுத்த மாதம் போனால், அந்த வாய்க்கு அளவாக ஒரு பித்தளைப் புனல் அடித்து வைத்திருக்கிறார்! கேனில் பிடித்து, சொட்டு சிந்தாமல் டேங்க் நிறைய ஊற்றினார். காசை நீட்டினேன். "கூடப் பொறந்தவகிட்டக் காசு வாங்கறதா?" என்றார். ஏழு வருஷத்தில் அதுதான் முதல் பேச்சு. காங்கேயம் வரும்வரை அழுதுகொண்டே ஓட்டினேன். அப்புறமும் பங்க்கோடு சரி. அவர் ஊற்றுவார், நான் "வாரனுங்ணா" என்பேன், திரும்பிவிடுவேன்.

காந்திபுரத்தில் கார் சாமான் கடை வைத்திருக்கும் பீர் முகம்மது பாயிடம் போய் புகையைச் சொன்னேன். பெட்ரோலும் தண்ணீராகக் குடிக்கிறது என்றேன்.

"ஆக்சிஜன் சென்சாரப் பாருங்கம்மா. இஞ்சின்லருந்து வர்ற புகைக்குழாயில திருகியிருக்கும். புகையில காத்து எவ்வளவு மிச்சம்னு பார்த்து, பெட்ரோலக் கூட்டு, குறைன்னு வண்டி கம்ப்யூட்டருக்குச் சொல்றது அதுதானுங்க. அது கெட்டா வண்டி கண்ணை மூடிக்கிட்டுக் குடிக்கும்."

ஞாயிற்றுக்கிழமை காலை வாசலிலேயே வேலையைத் தொடங்கினோம். இஞ்சினை நன்றாகச் சூடாக்கினோம். சென்சார் ஒயர் மாட்டியிருக்கும் பிளக்கின் பின்பக்கம் குண்டூசியைச் செருகி, என் வீட்டுக்காரர் பட்டறை மீட்டரை மாட்டினார். எண் பூஜ்ஜியத்தை ஒட்டியும் ஒரு வோல்ட்டை ஒட்டியும் மாறி மாறி ஓடவேண்டும் என்று பாய் சொல்லியிருந்தார். நான் ஆக்சிலேட்டரை மிதித்தேன்.

"ஆடுதுங்களா?"

"ம்ஹூம். கீழயே படுத்துக் கெடக்குது."

ஒயர் அறுந்திருக்கிறதோ என்று அதையும் பார்த்தார். ஒயர் நன்றாகவே இருந்தது. வண்டியை அணைத்து, சூடு பாதி ஆறியதும் துருவை இளக்கும் எண்ணெய் விட்டு, ஸ்பேனர் போட்டு இழுத்தார். அசையவில்லை. "நவுருங்க" என்று ஸ்பேனர் பிடியில் ஒரு பைப்பை நுழைத்து நான் தொங்கினேன். கடக்கென்று விட்டது. சென்சாரின் முனை முழுக்கச் சாம்பல் நிறத்தில், ஈயம் பூசின சட்டி மாதிரி மினுங்கியது.

புதிது வாங்க இரண்டு பேரும் போனபோது பழையதைப் பாய் பார்த்தார். "ஈயம் கலந்த பெட்ரோல் ஊத்தியிருக்கீங்க. இந்த வண்டிக்கு ஈயமில்லாததுதான் ஊத்தோணும். கோயமுத்தூர்ல நாலஞ்சு பங்க்ல கிடைக்குது, வெளியூர்ல இன்னும் வரலீங்க. தப்பாப் போட்டுறக் கூடாதுன்னுதானே டேங்க் வாயையே சின்னதா வெச்சிருக்கான்? எப்படி ஊத்துனீங்க?"

"புனல் வெச்சு" என்றார் என் வீட்டுக்காரர், மெதுவாக.

வீட்டுக்கு வந்து, முனையில் படாமல் மரைக்கு மட்டும் சூடு தாங்கும் கிரீஸ் தடவி, முதலில் கையால் திருகி, பிறகு ஸ்பேனரால் இறுக்கினோம். வண்டி கம்ப்யூட்டர் பழைய கணக்கை மறக்கட்டும் என்று பேட்டரி ஒயரைக் கழற்றி மாட்டினோம். மீட்டரில் எண் மேலும் கீழும் ஓடியது. புகை நின்றது. அவர் சின்னப் பையன் மாதிரி கை தட்டினார். நான்தான் டேங்க் மூடியையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

"அண்ணங்கிட்டச் சொல்லிப்போடு அம்மணி. இல்லீனா இதும் போயிரும்."

சொல்வது சுலபம். பொங்கலுக்கும் ஆடிக்கும் ஏழு வருஷமாகத் தராத சீரையெல்லாம் அந்த மனுஷன் கேனில் பிடித்து ஊற்றுகிறார். அதை வேண்டாம் என்று எந்த வாயால் சொல்வது?

அடுத்த வாரம் தனியாகவே போனேன். அண்ணன் கேனும் புனலுமாக வேகமாக வந்தார். டேங்க் மூடியின் மேல் கையை வைத்துக்கொண்டேன்.

"வேண்டாங்ணா."

அவர் முகம் சுருங்கிவிட்டது. "ஏங்கண்ணு? நான் என்ன தப்புப் பண்ணுனேன்?"

வழியெல்லாம் சேர்த்து வைத்த பேச்சு ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. பழைய சென்சாரை எடுத்துக் கொடுத்து, ஈயம், புகை என்று உளறிக் கொட்டினேன். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"நாந்தான் கெடுத்துப்போட்டனா?"

"நீங்க இல்லீங்ணா, பெட்ரோல்."

"எம்பட பெட்ரோல்தானே." கேனைக் கீழே வைத்தார். என்னைப் பார்க்காமலே, "அப்ப இனி நீ வரமாட்டே" என்றார்.

எனக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தன. நடு பங்க்கில், லாரிக்காரர்கள் எல்லாம் பார்க்கக் கத்தினேன். "நான் பெட்ரோலுக்கா வந்தேன்? கோயமுத்தூர்ல இல்லாத பெட்ரோலா? தொண்ணூறு கிலோமீட்டரு உங்க மூஞ்சியப் பார்க்கத்தானே வந்தேன்!"

"அத நீ சொல்லவே இல்லியே கண்ணு" என்றார் அண்ணன். "உன்ற டேங்க் சீக்கிரம் காலியாகோணும்னு நான் தெனமும் சாமி கும்புட்டுட்டு இருந்தேன்."