கன்னிக்கு வைத்த பனியன்

எங்கள் வீட்டில் புரட்டாசி பிறந்துவிட்டால் உட்கார்ந்து சோறு தின்னக்கூட யாருக்கும் நேரம் இருக்காது. இரண்டாயிரத்து எட்டில் அது உச்சத்துக்குப் போனது. ஆயுத பூசைக்கு ஜீப்பையும் டிராக்டரையும் மருந்தடிக்கிற மெஷினையும் கழுவிச் சந்தனம் வைத்து நிமிர்வதற்குள் சின்னமனூரில் பள்ளிக்கூடங்களுக்கான குறுவட்ட ஓட்டப் போட்டி. அது முடிந்த கையோடு தேனிக்குப் போய்த் தீபாவளித் துணி எடுக்க வேண்டும். தீபாவளிக்கு மறுநாள் சுருளி அருவி. அதற்கடுத்த வாரம் மாவட்டப் போட்டி. இதற்கு நடுவில் ஓடைப்பட்டித் தோட்டத்தில் திராட்சைவெட்டு வேறு. இத்தனையையும் முடுக்கிவிடுகிற ஆள் என் ஓரகத்தி, என் வீட்டுக்காரருடைய அண்ணன் பெண்டாட்டி சொர்ணலதா. காலில் சக்கரம் கட்டிப் பிறந்தவள். தான் ஓடுவது போதாதென்று மகளையும் ஓடவிட்டாள்.

மகள் சுபாஷினி ஒன்பதாம் வகுப்பு. எண்ணூறு மீட்டர் ஓடுவாள். விடிவதற்கு முன்பே மைதானம், பிறகு டியூசன், பள்ளிக்கூடம், திரும்ப மைதானம், அதன்பிறகு இந்தி வகுப்பு. சாப்பிட உட்கார்ந்தால் கையில் பிசைந்த சோற்றோடு தூங்கிவிழுவாள். நான் ஒருநாள் பொறுக்க மாட்டாமல் கேட்டேன்.

"பிள்ளைய ஒரு நாளாவது தூங்கவிடுங்கக்கா."

"நீ ஒண்ணு பெத்து வளத்துப் பாரு, அப்பத் தெரியும்" என்றாள் சொர்ணலதா.

எனக்குக் கல்யாணமாகி நாலு வருஷமாகியும் பிள்ளை இல்லை. அந்தச் சொல் என்னைச் சுட்டது. அதற்குப் பிறகு அவள் வழிக்கே நான் போகவில்லை.

குறுவட்டத்தில் சுபா இரண்டாவதாக வந்தாள். மாவட்டத்துக்குப் போகலாம் என்றார்கள். வேறு வீடாக இருந்தால் லட்டு வாங்கியிருப்பார்கள். சொர்ணலதா ஜீப்பில் ஏறினது முதல் வீடு வரும்வரை, "ரெண்டாவதா வந்தவள எந்த ஹாஸ்டல்ல எடுப்பாக?" என்று அரற்றிக்கொண்டே வந்தாள். விளையாட்டு விடுதியில் மகளைச் சேர்த்துவிட வேண்டும் என்பது அவளுடைய ஒரே ஆசை. சுபா என் தோளில் சாய்ந்து வாயைத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தாள்.

எங்கள் வீட்டில் ஒரு கன்னி உண்டு. கல்யாணம் ஆகாமல் செத்துப்போன பெண்பிள்ளையை வீட்டுச் சாமியாகக் கும்பிடுவது இந்தப் பக்கம் பல குடும்பங்களில் இருக்கிற வழக்கம்தான். எங்கள் கன்னியின் பெயர் சங்கிலி. சுபாவின் அப்பா செல்லப்பாண்டி அத்தானுக்கு நேர் இளையவள். சுபா வயதில் பள்ளிக்கூடம் விட்டு ஓடிவந்தபோது தோட்டத்துக் கிணற்றில் விழுந்துவிட்டாள். அப்போது கடைசித் தம்பியான என் வீட்டுக்காரர் கருத்தக்கண்ணன் தொட்டில் பிள்ளை. கிணற்றில் இறங்கித் தங்கச்சியைத் தூக்கிக்கொண்டு வந்தவர் அத்தான்தான். அதற்குப் பிறகு அவள் பெயரை அவர் சொல்லி யாரும் கேட்டதில்லை. கிணற்றையும் மூடிவிட்டார்கள். இன்றைக்கு அதன்மேல் திராட்சைப் பந்தல் நிற்கிறது.

ஒவ்வொரு தீபாவளிக்கும் சங்கிலிக்குப் புதுப் பாவாடை சட்டை எடுத்து, சாமி கும்பிட்டு, ஓலைப்பெட்டியில் வைத்து மூட வேண்டும். போன வருஷத்துத் துணியை வெளியே எடுத்து வீட்டுப் பெண்பிள்ளைக்குப் போட்டுவிடலாம். வைத்த துணி ஒரு வருஷம் அவளுடையது. அவள் உடுத்தி முடித்த பிறகுதான் நமக்கு.

அந்த வருஷம் தேனியில் கடை கடையாக ஏறினோம். எல்லோருக்கும் துணி எடுத்தோம். மாவட்டப் போட்டிக்கென்று சுபாவுக்குச் சிவப்புப் பனியனும் கறுப்பு டவுசரும்கூட எடுத்தாகிவிட்டது. சங்கிலியை மறந்துபோனோம். தீபாவளி விடியற்காலையில் எண்ணெய் தேய்த்துக் குளித்து, விளக்கேற்றி, பெட்டியைத் திறந்து பழைய பாவாடையை வெளியே எடுத்த பிறகுதான் சொர்ணலதாவுக்கு நெஞ்சில் அடித்தது. அந்த நேரத்தில் எந்தக் கடை திறந்திருக்கும்? அத்தான் குலதெய்வம் கோயிலுக்குப் போயிருந்தார். அவள் உள்ளே போய்ப் பனியன் டவுசரைக் கொண்டுவந்து தட்டில் வைத்தாள்.

"இது ஓடுறதுக்குப் போடுறதுல்லக்கா?" என்றேன்.

"புதுசுதான? பொம்பளப்பிள்ளைக்கு எடுத்ததுதான? சும்மா இரு."

சூடம் காட்டினாள். பனியன் பெட்டிக்குள் போனது. அதோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. மறுநாள் சுருளிக்குப் போகும் வழியில் கம்பத்தில் ஜீப்பை நிறுத்தி ஒரு பாவாடை சட்டை வாங்கினாள். வாங்கினவளுக்குப் பொறுக்கவில்லை. ஜீப்பைத் திருப்பச் சொல்லி வீட்டுக்கு வந்து, அதைப் பெட்டியில் வைத்துவிட்டுப் பனியன் டவுசரை எடுத்து மகளிடம் கொடுத்தாள். "இத மாட்டிக்கிட்டு வா. அருவிக்குப் போற வழியில கொஞ்சம் ஓடலாம்" என்றாள். உல்லாசப் பயணத்தில்கூடப் பிள்ளையை விடவில்லை பாருங்கள்.

கூடலூரில் என் பிறந்த வீட்டிலும் கன்னி உண்டு. வைத்த துணியை இடையில் எடுத்தால் கேட்டு வருவாள் என்று எங்கள் ஆட்கள் சொல்வார்கள். அதை அப்படியே சொர்ணலதாவிடம் சொன்னேன். "மாத்தி வேற வச்சாச்சுல்ல, சாமிக்குத் தெரியாதா?" என்று சொல்லிவிட்டுப் புளியோதரைத் தூக்குகளை எண்ணப் போய்விட்டாள்.

சுருளிப்பட்டி தாண்டினதும் பின்சீட்டிலிருந்து சுபா சொன்னாள்.

"ஏலே கண்ணா, மெதுவா ஓட்டுலே."

சித்தப்பாவை அப்படிக் கூப்பிட்டதைக் கேட்டு எல்லோரும் சிரித்தோம். என் வீட்டுக்காரர்தான் அதிகம் சிரித்தார். முன்சீட்டில் இருந்த அத்தான் மட்டும் திரும்பி மகளைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். அவள் ஜன்னல் வழியே வாழைத்தோப்புகளைப் பார்த்துக்கொண்டு, ஒற்றைச் சடையை அவிழ்த்து இரட்டைச் சடையாகப் பின்னி மடித்துக் கட்டிக்கொண்டிருந்தாள். அவளுக்குத் தலைபின்னவே தெரியாது. அவளுக்குப் பின்னிவிடுவது நான்தான்.

அருவிக்குப் போகிற பாதையில் அவளை ஓடச் சொன்னாள் சொர்ணலதா. ஓடினாள். போய்த் திரும்பி வந்து நின்றவளுக்கு மூச்சு வாங்கவில்லை. முதுகைத் தொட்டுப் பார்த்தேன். பனியன் காய்ந்த துணியாக இருந்தது. உடம்பு சில்லென்று இருந்தது. அருவித் தண்ணீர் பக்கம் மட்டும் அவள் வர மறுத்துவிட்டாள். கரையிலேயே அத்தானுடைய துண்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

அன்றிலிருந்து ஒவ்வொரு நாளும் அவளையே கவனித்துக்கொண்டிருந்தேன். பிள்ளை தூங்குவதில்லை. களைப்பு என்பதே இல்லை. கத்தரிக்காயைத் தொடாதவள் கத்தரிக்காய்க் குழம்பை வழித்துத் தின்றாள். பனியனைக் கழற்றவே மாட்டாள். பள்ளிக்கூடச் சீருடைக்கு அடியிலும் அதுதான். மைதானத்தில் அவள் ஓடுவதைப் பார்த்துப் பி.டி. வாத்தியார் கைக்கடிகாரத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்தார். சொர்ணலதாவுக்குத் தலைகால் புரியவில்லை. "பாத்தியா, என் பிள்ளைய?" என்று என்னிடமே வந்து கேட்டாள்.

அந்த வாரத்தில் ஒருநாள் திராட்சைவெட்டுக்கு எல்லோரும் தோட்டத்துக்குப் போனோம். சுபா பந்தலுக்குள் குனிந்து போய் ஓரிடத்தில் நின்று, காலால் மண்ணைத் தட்டிப் பார்த்தாள்.

"கெணத்த எப்பண்ணே மூடினீக?" என்றாள்.

கூடையோடு நின்ற அத்தானைப் பார்த்துத்தான் கேட்டாள். அங்கன கிணறு இருந்தது என்று அவளிடம் யாரும் சொன்னதில்லை. பெற்ற அப்பனையே அண்ணன் என்கிறாள். அத்தான் கூடையைக் கீழே வைத்தார். அவர் பயந்திருப்பார் என்று நினைத்தேன். இல்லை. அந்த மனுசன் முகத்தில் அப்படி ஒரு சந்தோசத்தை அதுவரை நான் பார்த்ததே இல்லை.

"நீ போன மறு வருசமே மூடிட்டோம் ஆத்தா" என்றார்.

மகள் ஓடிய ஒரு போட்டிக்கும் வராதவர், அதற்குப் பிறகு தினமும் மைதானத்தில் போய் உட்கார்ந்தார். தேன்மிட்டாய் வாங்கிக்கொண்டு போவார். இருவரும் ஏதோ பேசிச் சிரிப்பார்கள். நான் கிட்டப் போனால் பேச்சு நின்றுவிடும். எனக்கு அவர்மேல் ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. செத்தவள் கிடைத்துவிட்டாள் சரி, உயிரோடு இருந்தவள் எங்கே போனாள் என்று இந்த ஆளுக்குக் கேட்கத் தோன்றவில்லையே.

சொர்ணலதாவுக்கு உறைத்தது மாவட்டப் போட்டிக்கு முந்தின நாள். பாலை ஆற்றிக்கொண்டு போய்க் கொடுத்திருக்கிறாள்.

"அங்கன வச்சிருங்க மதினி, குடிச்சுக்கிறேன்" என்றிருக்கிறாள் பிள்ளை.

அண்ணன் பெண்டாட்டியை மதினி என்பார்கள். பெற்ற மகள் வாயால் அதைக் கேட்டதும் சொர்ணலதா தம்ளரைக் கீழே போட்டுவிட்டு அடுப்படிக்கு வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். அதுவரை அவள்மேல் எனக்கிருந்த கோபமெல்லாம் அந்த நிமிஷத்தில் போய்விட்டது. பனியனைக் கழற்றுவோம் என்று இருவரும் போனோம். பிள்ளை சுவரோடு ஒட்டிக்கொண்டு, "இது எனக்கு எடுத்து வச்சதுதான? ஏன் புடுங்குறீக?" என்று கேட்டாள். இழுக்க இழுக்க வரவில்லை. கையெல்லாம் குளிர்ந்துபோனதுதான் மிச்சம்.

கூடலூருக்குப் போன் போட்டு எங்கள் அம்மாவிடம் கேட்டேன்.

"கூடப் பெறந்தவுக பேரச் சொல்லிக் கூப்புடணும். துணியக் கழட்டி வாங்கிக்கிட்டு, போயிட்டு வா ஆத்தான்னு அவுக வாயால சொல்லணும். வேற யாரு சொன்னாலும் கேக்காது" என்றாள்.

என் வீட்டுக்காரரும் கூடப் பிறந்தவர்தானே. அவர்தான் முதலில் போனார். "சங்கிலியக்கா, போயிட்டு வா" என்று சொன்னார். அவள் சிரித்தாள். "நீ தொட்டில்ல கெடந்த பயல்லே, ஒனக்கு என்னைய எப்பிடித் தெரியும்?" என்றாள். அவர் வெளியே வந்து வாசல்படியில் உட்கார்ந்து அழுதார். ஆக, அத்தான் சொன்னால்தான் உண்டு. சொர்ணலதா புருஷன் காலிலேயே விழுந்தாள்.

"ஓடணும்னு ஆசப்படுதா. நாளைக்கு ஒரு நாள் ஓடிக்கிரட்டும். முடிஞ்சதும் நானே அனுப்பிச்சு வச்சிருறேன்" என்றார் அத்தான். சாமி படத்தில் கை வைத்துச் சொன்னார்.

மறுநாள் தேனி மைதானத்தில் நல்ல வெயில். மைதானத்தை இரண்டு சுற்று ஓட வேண்டும். விசில் ஊதினதும் சிவப்புப் பனியன் முன்னால் போனது. இரண்டாவது சுற்றில் மற்ற பிள்ளைகள் பாதி மைதானம் பின்னால் கிடந்தார்கள். அவள் கோட்டைத் தாண்டியதும் எல்லோரும் கைதட்டினார்கள். சொர்ணலதா கைதட்டவில்லை. இத்தனை வருஷம் அவள் கேட்டுக்கொண்டிருந்த முதலிடம் அதுதான்.

ஆனால் பிள்ளை நிற்கவில்லை. மறுபடி ஒரு சுற்றுப் போனாள். பி.டி. வாத்தியார் விசில் அடித்தார். ஆட்கள் முதலில் சிரித்தார்கள். அடுத்த சுற்றும் அதே வேகத்தில் வந்தபோது சிரிப்பு அடங்கிவிட்டது. செருப்பில்லாத அவளுடைய காலடிச் சத்தம்கூட எனக்குக் கேட்கவில்லை. சொர்ணலதா கயிற்றைத் தாண்டிப் போய், "சுபா, சுபா" என்று கூப்பிட்டாள். அம்மாவைக் கடந்து போனவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"கூப்புடுங்கத்தான்" என்றேன். அவர் எழுந்து போய் ஓடுபாதை ஓரத்தில் நின்றார். எங்கோ எதிர்ப்பக்கத்தில் ஓடிக்கொண்டிருந்தாள் அவள். அவர் கத்தவில்லை. பக்கத்தில் இருப்பவளிடம் பேசுகிற மாதிரிதான் சொன்னார்.

"சங்கிலி."

அந்தத் தூரத்திலிருந்து திரும்பினாள். மைதானத்துக்குக் குறுக்கே ஓடிவந்து அவர் முன்னால் நின்றாள். நான் பனியனை வாங்கக் கை நீட்டினேன். "சொல்லுங்கத்தான், போயிட்டு வான்னு சொல்லுங்க."

அவர் வாயைத் திறந்தார். அதற்குள் சொர்ணலதா ஓடிவந்து பிள்ளையின் இரண்டு தோளையும் பிடித்து உலுக்கினாள். "சுபாக் கண்ணு, அம்மாடா. இனி ஓட வேணாம்டா. ஒண்ணும் வேணாம். அம்மாகிட்ட வந்துரு."

அவள் சொர்ணலதாவின் கைகளை நோகாமல் எடுத்துவிட்டாள். குரலில் கோபமே இல்லை.

"அவள எழுப்பாதீக மதினி. ஓடி ஓடி அசந்துபோயிருக்கா பிள்ள. இப்பத்தான் நல்லாத் தூங்குதா. தூங்கட்டும்."

சொர்ணலதா அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டாள். நான் அத்தானையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரே ஒரு வார்த்தை. அதைச் சொல்லிவிட்டால் பிள்ளை பிழைத்துக்கொள்ளும். அவருக்கும் அது தெரியும். மகள் முகத்தைப் பார்த்தார், கீழே கிடக்கிற பெண்டாட்டியைப் பார்த்தார். கண்ணில் நீர் கொட்டியது. தோளில் கிடந்த துண்டை எடுத்து, வேர்க்காத அந்த நெற்றியைத் துடைத்துவிட்டார்.

"பசிக்குதா ஆத்தா?" என்றார். "வா, வீட்டுக்குப் போவோம்."