கதவுக்குத் தெரிந்தது

ஜட்ஜ் வீட்டுக் கதவில் பூட்டுத் தொங்கக் கூடாது என்பதில் அவர் தம்பி சர்வேயர் கறாராக இருந்தார். உள்ளே வந்தாலே நீதிமன்றம் எழுந்து நின்ற மனிதரை, ஞாபகம் மங்கிவிட்டது என்பதற்காக உடன்பிறந்த தம்பியே அடைத்து வைப்பதா? ஆனாலும் அண்ணன் அடிக்கடி வெளியே நழுவினார். இதுவரை ஊர் கண்ணில் படாமல் அழைத்து வந்தாயிற்று.

வழி சொன்னவர் மாப்பிள்ளை. மெல்லிய பிளாஸ்டிக் தாளில் சென்சார் அச்சடிப்பது அவர் தொழில்.

"ஸ்டிக்கர் மாதிரி இருக்கே, மாப்ள?"

"ஸ்டிக்கர்தான் மாமா. மையில காந்தத்தை உணர்ற பொடி கலந்திருக்கு. இது நிலையில, காந்தம் கதவுல. திறந்தா காந்தம் விலகும், உங்க போன் கத்தும்."

"பார்க்கிறவங்களுக்குத் தெரியுமா?"

"பெயிண்ட் அடிச்சிட்டா ஒட்டின எனக்கே தெரியாது."

சர்வேயருக்கு அது போதும்.

ஞாயிறு மாலை, அண்ணன் முன்னால் வாதாடிய வக்கீல்கள் இருவர் பார்க்க வந்தார்கள். கதவைத் திறந்ததும் போன் அலறியது.

"என்ன சார், பேங்க் லாக்கர்ல கால வெச்சிட்டோமா?" என்று ஒருவர் சிரித்தார்.

"பேரன் என்னவோ போட்டு வெச்சிருக்கான்" என்று சமாளித்து, சர்வேயர் போனைச் சைலண்டில் போட்டார். அண்ணன் தூங்குவதாகவும் சொன்னார். கிளம்பியவர்களைக் கார் வரை கொண்டுபோய் விட்டார். வீட்டுக்கு முதுகு காட்டி நின்று அண்ணனின் தீர்ப்புகளின் புகழைக் கேட்கக் கேட்க அவருக்கு வயிறு குளிர்ந்தது.

திரும்பி வந்தால் கட்டில் காலி. மாப்பிள்ளைக்குப் போன் போட்டார்.

"அந்த சென்சாரைப் பாத்துச் சொல்லுங்க, எந்தப் பக்கம் போனாரு?"

"காந்தம் விலகிச்சா, சேந்துச்சா, அவ்வளவுதான் மாமா அதுக்குத் தெரியும். அக்கம்பக்கம் கேளுங்க. நான் கிளம்பிட்டேன்."

தெருவில் சலவைக் கடைக்காரர் கேட்டார்: "என்னய்யா, எதையாவது தொலைச்சிட்டீங்களா?"

"ஒண்ணுமில்லப்பா."

முனை வரை நடந்தார். சாலை மூன்றாகப் பிரிந்தது. எதிலும் அண்ணன் இல்லை. மனசு கேட்காமல் திரும்பி வந்து, கடைக்காரரின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அண்ணனைக் காணோம்பா."

"ஜட்ஜ் ஐயாவா? வணக்கம் வெச்சேனே! கோர்ட்டுக்குப் போறேன்னு வாடகை வண்டியில ஏறினாரு."

"எந்த ஊர்க் கோர்ட்டு?"

"அதையெல்லாம் நான் கேக்கலாமாய்யா? சட்டையெல்லாம் மடிப்புக் கலையாம, ஜம்முனு போனாரு. இப்படின்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, பேச்சுக் குடுத்து உட்கார வெச்சிருப்பேனே."

அண்ணன் தீர்ப்புச் சொன்ன ஊர்களை எண்ணிப் பார்க்கத் தொடங்கிய சர்வேயர், பாதியில் கடைப் படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.